தேயிலைச் சாராயமும் என் மூக்கும்

என் வீட்டு அதிகாரிக்கு, வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே சிப்பந்தி எழுதுவது. நீ, மகள், மாப்பிள்ளை, புதிதாக வந்த குட்டித்துரை எல்லோரும் நலம்தானே?

சிரிக்காதே. போன வாரம் சென்ட் என்று நினைத்து, கரப்பான் பூச்சி மருந்தை அக்குளில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. நம் மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரியவில்லை. "வரும், ஆனா எப்பன்னு சொல்ல முடியாது" என்கிறார் டாக்டர்.

என் பிழைப்பே மூக்கில்தான் என்று உனக்குத் தெரியும். தேயிலை ஊறிய சாராயத்தைக் காய்ச்சி வடிக்கும்போது, எங்கே நிறுத்துவது என்று மோந்துதான் சொல்ல வேண்டும். இப்போது வெப்பமானியைப் பார்த்து ஒப்பேற்றுகிறேன். முதலாளி எதிரில் கண்ணை மூடி "ஆகா" என்கிறேன். அவர் குடிக்காதவர், தப்பித்தேன்.

வந்தது வினை. ஹோட்டல் பாரில் நம் சரக்கோடு எலுமிச்சையும் தேனும் கலந்து ஒரு காக்டெயில் போடுகிறார்களாம். "என்ன ஒரு புகை வாசனை!" என்று கூட்டம் அள்ளுகிறதாம். எனக்குப் பகீரென்றது. இலை அடிப்பிடித்துத் தீய்ந்திருக்கிறது, நான் பக்கத்திலேயே மரம் மாதிரி நின்றிருக்கிறேன்! முதலாளியோ, "அண்ணே, நீங்க மந்திரவாதி!" என்று கட்டிப்பிடித்தார். வெள்ளிக்கிழமை வெளியூர் ஹோட்டல்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் எதிரில் அதே புகையைக் கொண்டுவர வேண்டுமாம்.

எவ்வளவு தீய்த்தேன் என்று எனக்கே தெரியாதே! நேற்று வேண்டுமென்றே தீயவிட்டு, உன் தம்பிக்கு ஒரு வாய் கொடுத்தேன். "மாமா, டயரையா எரிச்சீங்க?" என்றான். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். மூக்கில்லாதவனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

உன்னை வா என்று கூப்பிடவில்லை. மகளுக்கு நீ வேண்டும். உன் தலையணையை மட்டும் மோந்து பார்த்தேன். வெறும் பஞ்சு.

பேரனை உச்சி முகரும்போது என் பங்கையும் நீயே முகர்ந்துவிடு. எப்படி இருந்தது என்று மறக்காமல் எழுது.

உன்
ஒன்றுக்கும் உதவாத கணவன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். பாரில் கலக்கிக் கொடுப்பவர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். ஆரஞ்சுத் தோலை லைட்டரால் கொளுத்தி கிளாஸுக்குள் காட்டுவாராம், புகை அதுதானாம். நம் சரக்கில் தேயிலை வாசனை மட்டும்தான் இருக்கிறதாம்.