அப்பாவின் பதினோரு நாள் தங்க ஹெல்மெட்

அன்புள்ள யித்கா,

வெள்ளிக்கிழமை அப்பா ஆட்டத்துக்குக் கிளம்பியபோது ஜாக்கிரதை என்று மட்டும் சொன்னேன். சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது, அதைச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய், ஆனால் படத்தில் உன் கன்னத்தைப் பார்த்தால் அதை நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. நியூசிலாந்து ரொட்டி பிடிக்காவிட்டால் உருளைக்கிழங்காவது வேகவைத்துச் சாப்பிடு. காளான் உலர்த்தி வைத்திருக்கிறேன், உங்கள் சுங்கத்தில் விடமாட்டார்களாம், அதனால் நாங்களே சாப்பிடுகிறோம்.

அப்பா தங்க ஹெல்மெட் போட்டது உனக்குத் தெரிந்திருக்கும். பதினெட்டு வருடமாக ஒரே ஐஸ் ஹாக்கி அணியின் பின்வரிசையில் தடுப்பாளராக நின்று மொத்தம் இருபத்தாறு கோல் அடித்த மனிதர். கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து அணியில் யார் அதிகப் புள்ளி எடுக்கிறாரோ அவர் அதைப் போட்டே ஆக வேண்டும், விதி அப்படி. முன்வரிசையில் நாலு பேருக்குக் காயம். அப்பா நம் பக்கத்திலிருந்து வெளியே தள்ளிவிட்ட வட்டு எதிராளியின் ஸ்கேட்டில் பட்டு அவர்கள் வலைக்குள் போயிற்று, அடுத்த ஆட்டத்திலும் அதே மாதிரி இன்னொன்று. போன ஊரிலெல்லாம் கூட்டம், "தாத்தாவுக்கு யாருடா முடி சூட்டினது?" என்று பாடியது. நம் ஆட்களே அவரை மகாராஜா என்று கூப்பிட்டு, பஸ்ஸில் ஏறும்போது எழுந்து நின்றார்களாம். அப்பா போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

புதன்கிழமை கிளப் இயக்குநரின் மனைவி நூலகத்துக்கு வந்தாள், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் என் மேசைமேல் சாய்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னாள். வசந்தத்தோடு முடிகிற அப்பாவின் ஒப்பந்தத்தை நீட்டப் போவதில்லையாம். "நம்பகமான ஆளுதான், ஆனா நம்பகத்தைப் பாக்க எவன் டிக்கெட் வாங்குறான்?" என்று அவள் கணவர் கேட்டாராம். ஆனால் ஹெல்மெட்டால் குழந்தைகள் அப்பாவோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள், மாதக் கடைசிவரை அது அவர் தலையில் இருந்தால் இன்னொரு வருடம் தருவாராம். மாதத்தின் கடைசி ஆட்டம் வெள்ளிக்கிழமை. இதைத்தான் நான் சொல்லவில்லை. சொன்னால் கோல் அடிக்க முன்னால் ஓடுவார், பின்னால் இடம் காலியாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அன்று நம் அணி ஹைனெக்கும் அப்பாவும் புள்ளியில் சமம், கோலில் அப்பா கூடுதல் என்பதால் ஹெல்மெட் அவர் தலையில். கடைசி நிமிடம், நாம் இரண்டுக்கு ஒன்று முன்னிலை. எதிரணி கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கியிருந்தது, அவர்கள் வலை காலி. வட்டு நேராக அப்பாவிடம் வந்தது, தட்டிவிட்டால் போதும். அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டார். வட்டு அவர் காலடியில் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்த ஹைனெக்கிடம் போயிற்று, அவன் அடித்தான், ஹெல்மெட்டும் அவனுக்குப் போயிற்று. பதினெட்டு வருடத்தில் தன்னிடம் வந்த வட்டை அவர் தடுக்காமல் விட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டில் சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னார், இயக்குநரின் மனைவி வியாழக்கிழமை கறிக்கடையில் அவரையும் பிடித்து இதையே சொன்னாளாம். பிறகு ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "பளபளன்னு இருக்கு ப்லாங்கா. நான் எங்க நிக்குறேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுது. தெரியாம நிக்குறதுதான் என் வேலை" என்றார். இன்னொரு கரண்டி சூப் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஊற்றினேன்.

நீ இதற்காக அவரைத் தொலைபேசியில் கேள்வி கேட்காதே. வழக்கம்போல் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். அங்கே மழை பெய்கிற நாளில் ஈரக் காலுறையோடு உட்காராதே, பல் வைத்தியரைப் போய்ப் பார். போகிற இடமெல்லாம் உனக்கு நல்லவர்கள் அமையட்டும்.

உன் அம்மா,
ப்லாங்கா

உறையை ஒட்டுவதற்கு முன்: இன்று திங்கள். காலையில் இயக்குநர் கூப்பிட்டார். ஒப்பந்தம் இல்லை. அப்பா சரி என்று சொல்லிவிட்டு, எப்போதும்போல் கால் மணி நேரம் முன்னதாகவே பயிற்சிக்குப் போய்விட்டார்.