கடித்து வைத்த ரொட்டி

சமர்கந்த்

முனிசாவின் அப்பாவுக்கு,

நீங்கள் மாஸ்கோவுக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று, போகிறவர் கடித்த ரொட்டி அவர் திரும்பும்வரை வீட்டில் இருக்க வேண்டுமென்று அத்தை தந்தூர் ரொட்டியை நீட்டினார். நீங்களோ, "இவ சுட்ட வாழைப்பழ ரொட்டியக் கடிக்கிறேம்மா, இனிப்பா திரும்பி வருவேன்" என்று சிரித்தீர்கள். படித்தவளாயிற்றே, நானும் சிரித்தேன்.

தந்தூர் ரொட்டி காய்ந்து வருடக்கணக்கில் இருக்கும். இது ஒரே வாரத்தில் பூசணம் பூத்தது. அத்தைக்குத் தெரியாமல் வாரம்தோறும் புதிதாகச் சுட்டு, நானே கடித்து வைக்கிறேன்.

இது பதினான்காவது. நீங்கள் போனை எடுத்து ஒன்பது வாரமாகிறது.

இன்று முனிசா அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா வாய் சின்னதாயிடுச்சா?" என்று கேட்டாள்.

இங்கே தங்கக்கூட வேண்டாம். ஒருமுறை வந்து, ஒரு வாய் கடித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் மகளின் அம்மா