முதுகுப் பக்கம் விழுந்த முடிச்சு

என் அருமை அஞ்சலை அக்காவுக்கு,

நேற்று மாலை எஸ்டேட் கோயில் கமிட்டி அவசரமாகக் கூடி, ஒன்றரை மணி நேரம் விவாதித்து, ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தது. மண்டபத்து மின்விசிறியின் இறக்கையில் 'உபயம்: கிராணி தனபால்' என்று எழுதியிருப்பதை அழித்துவிடுவார்களாம். இந்த மலைக் குளிரில் அந்த விசிறியை யாரும் ஒருநாளும் சுழல விட்டதில்லை. ஆனாலும் கோயில் மானம் முக்கியம் இல்லையா? நேற்றுக் காலைதான், உன்னைக் கொன்றது அவன் என்று உயர்நீதிமன்றம் சொன்னது.

இதே கமிட்டிதான் உன் பதினாறாம் நாளில், "மழையில வழுக்கி விழுந்துட்டா, விதி லா" என்று எனக்கு ஆறுதல் சொன்னது. தனபாலும் வந்து அழுதான். அழுதுகொண்டே இரண்டாவது முறை வடை கேட்டான். நான்தான் பரிமாறினேன். அதை மறப்பேனா, அக்கா?

எஸ்டேட் கணக்கு எழுதும் இந்தக் கிராணி, புதிதாக வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண்கள் மேல் கை வைக்கிறான் என்று நீ மேனேஜரிடம் புகார் சொன்னாய். மூன்றாம் நாள் தேயிலைச் சரிவுக்குக் கீழே கிடந்தாய். பூட்ஸ், கூடை, ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் தாள், எல்லாம் இருந்தன. தாளின் முடிச்சு மட்டும் முதுகுப் பக்கம் இருந்தது. இருபது வருடம் உன் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள் நான். கூடை அழுத்தும் என்று நாம் முன்னால்தானே முடிச்சுப் போடுவோம்? உனக்கு அதைக் கட்டிவிட்ட, ஆபீஸில் பேனா பிடித்தவனுக்கு அது எங்கே தெரியும்.

போலீஸ்காரர் சிரித்தார். "முடிச்ச வெச்செல்லாம் கேஸ் போட முடியுமாக்கா?" தினமும் போனேன். என் முகத்தைப் பார்த்துச் சலித்துத்தான் கிராணியின் உரக் கொட்டகையைத் திறந்தார்கள். உன் ரத்தம் அங்கே இருந்தது.

கோர்ட்டில் அவன் வக்கீல், எந்தப் பக்கம் கட்டினால் என்ன என்று கேட்டார்.

"பின்னால கட்டி, கூடைய மாட்டிக்கிட்டு, ஒரு தடவ குனிஞ்சு பாருங்க சார்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் தனபாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலை குனிந்தான். எனக்கு நன்றாக இருந்தது.

கமிட்டித் தலைவரிடம் சொல்லிவிட்டேன்: "அவன் பேரு அப்படியே இருக்கட்டும் அண்ணே. இன்னும் ரெண்டு இறக்க காலியாத்தானே இருக்கு." ஒன்றில் உன் பெயரை எழுதுவேன். மற்றதில் அவன் உனக்குச் செய்ததை எழுதுவேன். அவர்கள் அழித்தால் மறுபடியும் எழுதுவேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம். பிரிஞ்சாங் டவுனில் பெயிண்டும் வாங்கியாகிவிட்டது.

தண்டனை முப்பத்தைந்து வருடம். தனபாலுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது.

பக்கத்து நிரையில் இன்னும் நிற்கும் உன் தங்கை,
முனியம்மா