சீரகத் தண்ணீருக்காக வாங்கிய பீர் சாதனங்களைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்
வ. அனந்தராஜ் (வயது 74),
அரிசி ஆலை ஃபிட்டர் (ஓய்வு),
சேவூர், ஆரணி வட்டம்.

பெறுநர்
உயர்திரு உதவி ஆணையர் (கலால்) அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: என் வீட்டில் 11.02.2025 அன்று எடுத்துச் செல்லப்பட்ட சாதனங்களை, உண்மைக்கு மாறாக எதையும் எழுதி வாங்காமல் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். மீதியை மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டேன். நாங்கள் சமணர்கள். எங்கள் வீட்டில் மது நுழைந்ததில்லை. பொழுது சாய்ந்தபின் நானும் என் மனைவி சக்ரேஸ்வரியும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

2. என் மனைவிக்குச் சென்ற ஆண்டு வேலூரில் தொண்டையில் கதிர் சிகிச்சை நடந்தது. நோய் போய்விட்டது, எச்சிலும் போய்விட்டது. வெறும் தண்ணீர் பாதியில் நின்று புரையேறுகிறது. கொஞ்சம் கேஸ் கலந்த நீர் மட்டும் இறங்குகிறது. கடைச் சோடா அளவுக்கு மீறிக் குத்துவதால் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்றார் மருத்துவர்.

3. கேஸை நம் விருப்பத்துக்குக் கூட்டிக் குறைக்க ஒரே வழி, வீட்டில் பீர் ஊற்றிக் குடிப்பவர்கள் வைத்திருக்கும் சாதனம்தான் என்று செல்போனில் வீடியோக்கள் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். அவையாவன: ஐந்து லிட்டர் எவர்சில்வர் பீப்பாய்; கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்; அழுத்தத்தைக் காட்டும் ரெகுலேட்டர்; இரண்டு குழாய்கள்; கைப்பிடி வைத்த பித்தளைத் திருகு. பீப்பாயைக் குளிரில் வைக்க எங்கள் பழைய ஃப்ரிட்ஜில் நானே துளை போட்டேன். அது பூஜைக்கு நெய் வைக்கும் ஃப்ரிட்ஜ் என்பதால் என் மனைவி இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

4. தினமும் காலையில் சீரகமும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்துப் பீப்பாயில் நிரப்புவேன். ரெகுலேட்டர் முள் பத்தில் நின்றால் அவளுக்குக் குத்துகிறது. ஆறில் நின்றால் புரையேறுகிறது. பன்னிரண்டு நாள் முயன்று எட்டு என்று கண்டுபிடித்தோம். முதல் டம்ளர் தடங்கலில்லாமல் இறங்கியதும் அவள், "இன்னாங்க, வயசான காலத்துல எனக்குனு ஒரு பாரே தெறந்துட்டீங்க" என்று சிரித்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. அரசுக்கு இது தேவையற்ற விவரம் என்றாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

5. சிலிண்டரைத் தூக்கித் தந்த பக்கத்து வீட்டு நெசவாளர் திரு. தங்கவேலு, "எங்க ஐயா வூட்ல பீர் மெஷின் ஓடுது" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மேற்படி நாளன்று மாலை 5.45 மணிக்குச் சோதனை அலுவலர்கள் இருவர் வந்தனர். மரியாதையாகவே பேசினர். "இது பீர் மெஷினா, பெரியவரே?" என்று கேட்டனர். பீர் மெஷின்தான் என்றேன். பெட்டியிலும் ரசீதிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பொய் சொல்வதில்லை என்று விரதம் எடுத்தவன் நான்.

6. திருகைத் திறந்து காட்டினேன். மஞ்சளாக, நுரையோடு வந்தது. சீரக வாசனையை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "இப்பல்லாம் எல்லா வாசனையிலயும் பீர் வருது" என்றார் அலுவலர்களில் மூத்தவர். சுவைத்துப் பாருங்கள் என்றேன். "டியூட்டில குடிக்கக் கூடாது. நீங்க ஒரு டம்ளர் குடிச்சிக் காட்டுங்க, நாங்க போயிடறோம்" என்றார். அப்போது மணி 6.25. பொழுது சாய்ந்திருந்தது. குடிக்க முடியாது என்று மறுத்தேன். அந்த மறுப்பையே குற்றத்துக்குச் சாட்சியாக எழுதிக்கொண்டு, பீப்பாயில் இருந்ததை மாதிரி எடுக்காமல் சாக்கடையில் ஊற்றிவிட்டு, எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிச் சென்றனர். அந்தக் களேபரத்தில் என் மனைவி அன்றைய கடைசி டம்ளரைக் குடிக்கத் தவறினாள். மறுநாள் விடியும்வரை நாக்கு ஒட்டியே கிடந்தாள்.

7. மறுநாள் அவர்கள் அலுவலகத்துக்குச் சென்றேன். "ஜூஸ் மெஷின்னு எழுதிக் கையெழுத்து போடுங்க, இப்பவே எடுத்துகினு போலாம்" என்றனர். அது ஜூஸ் மெஷின் அல்ல. எழுத மறுத்து வெறுங்கையுடன் திரும்பினேன்.

8. இந்த ஒன்பது நாளில் என் மனைவி மூன்று கிலோ இளைத்திருக்கிறாள். இளநீரை ஸ்பூனால் கொடுக்கிறேன். பாதி வெளியே வருகிறது. நேற்றுக் காலை, எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து பேனாவை எடுத்துப் பையில் சொருகினேன். அவள் வாசலிலேயே என்னை மறித்தாள். "எனக்கோசரம் பொய் எழுதிக் கொண்டாந்தா அந்தத் தண்ணி எனக்கு எறங்காது. உக்காருங்க. மேல இருக்கிறவருக்கு உள்ளது உள்ளபடி எழுதுங்க" என்றாள். இவ்வளவு பேசுவதற்குள் நான்கு முறை இருமினாள். உட்கார்ந்து இதை எழுதினேன்.

9. ஆகவே, சாதனத்தின் பெயர் பீர் சாதனம் என்றும், அதில் இருந்தது சீரகத் தண்ணீர் என்றும், இரண்டையும் உள்ளபடி பதிவு செய்து திருப்பித் தர உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். ஐயம் இருந்தால் பகலில் எந்த நேரமும் வந்து பாருங்கள், தங்கள் முன்னிலையில் குடித்துக் காட்டுகிறேன். பீப்பாயும் மற்றவையும் வருவதற்கு நாளாகும் எனில், ரெகுலேட்டரை மட்டுமாவது முதலில் அனுப்புங்கள். மற்றதை இங்கேயே ஏதாவது வைத்து நான் செய்துகொள்வேன். அந்த முள் இல்லாமல் எட்டு எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இடம்: சேவூர்
நாள்: 20.02.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
வ. அனந்தராஜ்

மேலே உள்ளது அனைத்தும் உண்மை. படித்துப் பார்த்தேன்.
அ. சக்ரேஸ்வரி