புளி போட்டுத் தேய்த்த கண்ணாடித் தட்டுகள்

காவலூர்,
ஞாயிறு.

அன்புள்ள மகன் சதீஸ்குமாருக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். போனில் பேசாததற்குக் காரணம், நம் வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் வாசற்படி. உன் மனைவி அருணா ஏழு மாத வயிற்றோடு உட்காரும் இடமும் அதுதான்.

சாமை அறுவடையாகி வீட்டுக்கு வந்துவிட்டது. வெயிலுக்கும் குறைவில்லை.

துவைக்கும் கல்லருகே நீ சாய்த்து வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தட்டுகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவற்றில் பூசிய டைட்டானியத் துகள் வெயில் பட்டதும், மேலே வழியும் துவைத்த தண்ணீரிலுள்ள சோப்பையும் எண்ணெயையும் தின்றுவிடும், தெளிந்த நீர் கீரைப் பாத்திக்குப் போகும் என்றாய். ஊரே வந்து பார்த்தது. அதில் உன் அம்மாவுக்கு ஒரு மானக்கேடு: தட்டுகளில் வெள்ளையாக ஏதோ படிந்து கிடந்தது.

வியாழக்கிழமை உன் நண்பன் தனசேகரன் சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வந்தான். தட்டில் அவன் முகம் பளிச்சென்று தெரிந்தது. "இன்னாம்மா, பூச்சு எங்க?" என்றான். "அழுக்கு தம்பி அது. வாரம் தவறாம புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறேன். நாலு பேரு வர்ற வூடாச்சே!" என்று உன் அம்மா டீயை நீட்டினாள். தேய்த்த தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டான். அருணா பாத்தியைக் காட்டி, "ரெண்டு மாசமா எனக்கு இந்தக் கீரைதாண்ணே கொமட்டாம எறங்குது" என்றாள்.

அவன் டீயைக் குடிக்காமல் எழுந்தான். உன் அம்மா போடும் டீயை மறுக்கக் காரணங்கள் உண்டு. ஆனால் அவன் மறுத்ததில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவனைப் பிடித்தேன். அந்தத் துகள் கீரையோடு வயிற்றுக்குள் போனால் கெடுதல் என்று யாரும் நிரூபிக்கவில்லை என்றான். கெடுதல் இல்லை என்று நிரூபித்துவிட்டார்களா என்றேன். பஸ் வந்துவிட்டது என்றான். வரவில்லை.

மறுநாள் பாத்தி முழுவதையும் பிடுங்கிப் புதைத்துவிட்டு, பன்றி புகுந்துவிட்டது என்றேன். உன் அம்மா பன்றியின் வம்சத்தையே திட்டித் தீர்த்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நர்ஸ் வந்து பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அருணா பக்கத்திலேயே இருந்ததால் கீரையைப் பற்றி அவரிடம் கேட்க முடியவில்லை.

வெயிலில் அழுக்கைத் தின்கிற பொருள், வெயிலே படாத வயிற்றில் எதைத் தின்னும்? குழந்தை உதைக்கிறது என்று அருணா சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். உதைக்காத நேரங்களில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் எழுதாதே. 'ஒன்றும் ஆகாது' என்று நீ எழுதினால், அதைச் சொல்வது படித்தவனா, பிள்ளையா என்று எனக்குத் தெரியாது. கிளம்பி வா. பெரிய டாக்டரிடம் அவளை நீயே அழைத்துப் போ.

படவேட்டு அம்மன் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும்.

அப்பா,
ராஜவேலு