இறங்க ஒரு வண்டி, ஏற ஒரு வண்டி

கோத்தகிரி,
1974, ஆனி மாதம்.

அன்பு மகன் முத்துவேலுக்கு, அம்மா மருதாம்பாள் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி பொன்னாயி எழுதுவது. இங்கே அப்பாவும் நாங்களும், உன் பெண்சாதி கனகமணியும், அவள் வயிற்றில் இருப்பதும் குளிருக்கு நடுங்கிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். அங்கே உன்னைக் காய்ச்சல் இருமல் எதுவும் அண்டாமல் பார்த்துக்கொள்ளும்படி மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் கடுதாசி கிடைத்தது. கனகமணியின் பாஸ்போர்ட் அவள் அப்பா குடும்பத்தோடு முன்னமே வந்ததால் அவளை எங்களோடு கப்பல் ஏற்றினாய், உனக்கு மட்டும் இன்னும் கண்டி ஆபீசில் இழுத்தடிக்கிறார்கள் என்று தெரிந்து மனசு கஷ்டப்பட்டது. காலனி மேட்டு உச்சியில் இருக்கிறதே, நோவு கண்டால் இவளை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள், நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். நன்றாகத் தூங்கு. அதற்கு உன் அப்பா செய்த ஏற்பாட்டைக் கேட்டால் சிரித்துச் சிரித்து உனக்கு வயிறு நோகும்.

இந்த மேட்டுக்கு பஸ் கிடையாது. கூப்பிட்டால் வருவது இரண்டு வண்டிதான். ஒன்று சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் மோசஸின் புது ஜீப். இன்னொன்று லிங்கசாமியின் பழைய வேன், முட்டைக்கோசு ஏற்றி மேட்டுப்பாளையம் போகிற வண்டி. இரண்டு பேரும் இந்த ஊர்க்காரர்கள், கோயமுத்தூர்ப் பேச்சு, என்னுடைய என்பதை என்ற என்பார்கள். மோசஸ் உன் அப்பாவிடம் வந்து, ஏனுங்க, சும்மா மிதிச்சாப் போதும், மேட்டைப் பார்த்து என்ற ஜீப்பு சிரிக்குமுங்க என்றார். லிங்கசாமி விடுவாரா, அது வண்டியா, வெட்டுக்கிளிங்க, என்ற வண்டியில முட்டைக்கோசே தூங்கிட்டுத்தான் போகும் என்றார். உன் அப்பாவுக்குத்தான் லாரி என்றால் சோறு தண்ணீர் வேண்டாமே. தேயிலைக் கொழுந்து லாரியில் மூட்டை ஏற்றியே வளர்ந்த மனுஷன். சரி, ஞாயிற்றுக்கிழமை பாலத்திலிருந்து காலனிக் குழாயடி வரை இரண்டையும் ஏற்றிப் பார்ப்போம், எதற்கு இழுவை அதிகமோ அதற்குத்தான் என் மருமகள் என்று சொல்லிவிட்டார். நான் மட்டும், வேகம் கிடக்கட்டும், பிள்ளைத்தாச்சி அலுங்காமல் போக வேண்டாமா என்று குடம் நிறையத் தண்ணீர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாரத்துக்கு இன்னும் நாலு பெண்டுகள் என்னோடு ஏறினார்கள்.

முதலில் ஜீப். மோசஸ் ஒரு மிதி மிதித்ததும் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, தலை பின்னால் கம்பியில் இடித்தது. குடத்துத் தண்ணீரில் பாதி என் மடியில், மீதி மோசஸின் பிடரியில். வாயைத் துடைப்பதற்குள் குழாயடி வந்துவிட்டது. உன் அப்பா சின்னப் பிள்ளை மாதிரி விசில் அடிக்கிறார். அடுத்து மறுபடியும் குடத்தை நிரப்பிக்கொண்டு வேனில் ஏறினோம். அது கிளம்பும்போதே இருமியது. பக்கத்தில் நடந்து வந்த எருமை எங்களை முந்திப் போயிற்று. பெரிய வளைவில் முன்பக்கம் புகை புகையாக வந்து வண்டி நின்றுவிட்டது. லிங்கசாமி இறங்கி வந்து, அக்கா, அந்தக் கொடத்தைக் குடுங்க என்று வாங்கி அத்தனையும் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது இந்தக் குடமும் காலி. நான் சிந்தலைங்க, வண்டி குடிச்சுதுங்க என்று அவர் சத்தியம் செய்கிறார், காலனியே சிரிக்கிறது.

அப்பா எழுந்து ஜீப்தான் ஜெயித்தது என்று தீர்ப்புச் சொன்னார். அப்போதுதான் கனகமணி, அதுவரை கல்லில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், மாமா, ஒரு சந்தேகம், ஆஸ்பத்திரி கீழே பள்ளத்தில்தானே இருக்கு, நோவு வந்தா நான் இங்கேயிருந்து மேலே ஏறி எங்கே போக என்று கேட்டாள். அங்கே கண்டிப் பக்கம் நம் லயத்து வீடு கீழே, தோட்டத்து ஆஸ்பத்திரி மேலே. பிறந்ததிலிருந்து கொழுந்தானாலும் நோயாளியானாலும் மேலே ஏற்றியே பழகிய சனம். இங்கே வந்தும் அதே புத்தி. உன் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, வண்டி என்றால் ஏறத்தானே வேணும் என்று முணுமுணுத்தார்.

மத்தியானம் மறுபடி குடம், மறுபடி நான். ஜீப் இறங்கிய வேகத்தில், மோசஸ் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்ததில், குடமே என் கையை விட்டுப் போய்விட்டது. லிங்கசாமி சின்ன கியரில் பிடித்து, வண்டி முனகிக்கொண்டே இறங்க, ஆஸ்பத்திரி வாசலில் தளும்பாத குடத்துத் தண்ணீரில் என் முகம் தெரிந்தது. இதுதான் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு ஜீப்பை விட மனசில்லை. கடைசியில் போகும்போது வேன், பிள்ளையோடு வரும்போது ஜீப் என்று பேசி முடித்தோம்.

நீ வரும்போது பாத்திரம் பண்டம் என்று கட்டிக்கொண்டு வராதே. மாசிக் கருவாடு மட்டும் மறக்காதே, இங்கே அதைக் காட்டினால் விறகுக்கட்டையா என்று கேட்கிறார்கள். கால் உறை போடாமல் வேலைக்குப் போகாதே, அட்டை

அண்ணா, நான் பொன்னாயி. அம்மா இந்த இடத்தில் எழுந்து ஓடினார்கள், அண்ணிக்கு நோவு கண்டுவிட்டது. இது நடந்து நாலு நாள் ஆகிறது. முதலில் நல்ல சேதி. உங்களுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. அண்ணியும் பிள்ளையும் சுகம். காது மட்டும் அப்படியே உங்கள் காது. லிங்கசாமி அண்ணன் அண்ணியைப் பூ மாதிரி இறக்கிக் கொண்டுபோனார். அப்பா குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடி வந்தார், வண்டிக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்வது என்று. இன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம், பேசியபடி ஜீப்பில்தான். அப்பா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். மோசஸ் அண்ணன் மிதிக்கப் போகும்போதெல்லாம், மெதுவா தம்பி, மெதுவா தம்பி என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஊர்ந்து போனதில் பின்னால் காலியாக வந்த வேன் வழி கேட்டு ஹாரன் அடித்தது. பெரிய வளைவில் லிங்கசாமி அண்ணன் கை காட்டிச் சிரித்துக்கொண்டே எங்களை முந்திப் போனார். மோசஸ் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அண்ணிக்குச் சிரித்துத் தையல் வலித்தது. நானாக இவ்வளவு எழுதியது இதுதான் முதல் தடவை, தப்பு இருந்தால் யாரிடமும் படித்துக் காட்ட வேண்டாம்.

இனி அம்மா சொல்வது. மகளைப் பெற்றவனே, நூறு வயசு நன்றாக இரு. பிள்ளைக்குப் பெயர் நீ வந்துதான் வைக்க வேண்டும், அதுவரை பாப்பா என்றே கூப்பிடுவோம். பாஸ்போர்ட் வந்ததும் கப்பல் ஏறும் தேதியைச் சொல்லித் தந்தி கொடு, மறந்துவிடாதே. நீ வருவது ஏற்றம். பஸ் நிற்கும் இடத்தில் மோசஸ் ஜீப்போடு நிற்பார். உன்னை மட்டும் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இப்படிக்கு, உன் வழி பார்த்திருக்கும்
அப்பா அழகையா, அம்மா மருதாம்பாள்.