கேஸ் ஷீட்டில் உன் வயது

அக்கா, சோப்புப் போட்டுக் கழுவியும் என் விரல்களில் பழைய காகிதத்தின் மக்கல் வாசனை போகவில்லை. இன்று ஆஸ்பத்திரியில் உன் கேஸ் ஷீட்டைத் தொட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா தூங்கிவிட்டார். அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

உன்னைக் கொண்டுபோன அதே ரத்த நோய்தான் எனக்கும். ஆனால் இப்போது புது மருந்து வந்திருக்கிறது! வார்டில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். "ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகப் பாதிப் பேருக்குக் கொடுக்காம வேடிக்கை பார்க்க எனக்கு மனசு வராது" என்றார் டாக்டரம்மா, இந்தியில். அதனால் மருந்து வருவதற்கு முன் இதே வார்டில் இருந்தவர்களின் பழைய ஷீட்டுகளை எடுத்து, ஒரே வயதுப் பிள்ளைகளை ஜோடி சேர்த்து ஒப்பிடுகிறார். பெரிய பிள்ளைகளுக்கு நோய் வேறு மாதிரிப் போகுமாம். எனக்குப் பதினொன்று. எனக்கு ஜோடியாக வந்தது நீ!

ஷீட்டில் உனக்கும் பதினொன்று என்றுதான் இருந்தது. நீ பதினொன்று இல்லையே.

மதராஸிலிருந்து வடக்கே இந்த லக்ஷ்மிபாய் நகருக்கு வந்தபோது, இந்தி தெரியாத உன்னைக் கீழ் வகுப்பில்தான் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா படிவத்தில் இரண்டு வயதைக் குறைத்தார். "நாளைக்கு சர்க்கார் வேலைக்கு அப்ளிகேஷன் போடறச்சே ரெண்டு வருஷம் லாபம்டி." நீ விடுவாயா? "அப்போ அந்த ரெண்டு வருஷம் நான் பொறக்கவே இல்லையாப்பா?" அப்பாவே சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலும் அந்த வயதையே எழுதினார்.

இப்போது உண்மையைச் சொன்னால், பொய் வயது எழுதியதற்கு அப்பாவின் சர்க்கார் ஆபீஸில் என்ன ஆகுமோ? ஊசி போடும்போது நீ சொல்வாயே, "பயமா இருந்தா கையச் சட்டுனு நீட்டிடு" என்று. டாக்டரம்மாவிடம் உன் நிஜ வயதைச் சட்டென்று சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். "அச்சா! இத ஒருத்தருமே சொல்லலையே!" என்று எழுந்தேவிட்டார். உன் ஷீட்டை என் ஷீட்டின் பக்கத்திலிருந்து எடுத்து, ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் பதின்மூன்று வயது பஞ்சாபிப் பெண்ணின் ஷீட்டோடு வைத்தார். பிறகு கட்டில் கட்டிலாகப் போய் அம்மாக்களைக் கேட்டார்: "ஸ்கூலுக்குச் சொன்ன வயசு வேண்டாம், பெத்த நாள்லேர்ந்து எண்ணிச் சொல்லுங்க." நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்!

திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட நாளை அப்பா வர வேண்டுமாம். காலையில் நானேதான் அவரிடம் சொல்ல வேண்டும். அப்பா கத்தலாம், அழலாம். யார் கேட்டாலும் உனக்குப் பதின்மூன்று என்றுதான் சொல்வேன்.